பிரஷர் பார்க்கும் வாட்ச்

கத்திரி தொடங்கிய மே 4ஆம் தேதியன்றுதான், மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய வாட்ச் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஊரே நுங்கு வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும் நாளில் பெற்ற தகப்பனை நடக்கச் சொல்வது எந்த வகைப் பாசம் என்று எனக்குப் புரியவில்லை. தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாம். நடந்த கணக்கு அவளுடைய செல்போனுக்குப் போய்விடுமாம். அந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்த கணக்கல்ல, 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்கு வைத்த பெயர்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். இதையெல்லாம் படிக்க நேரம் இருக்கிறவருக்கு நடக்கவும் நேரம் இருக்கும் என்று பதில் வந்தது. பேச்சு அப்படியே அவள் அம்மாவுடையது.

நம் மதுரைத் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1,000 அடி நீளத்துக்கும் 950 அடி அகலத்துக்கும் வெட்டிவைத்தார். அவர் கணக்கில் அடி வேறு, மகள் கணக்கில் அடி வேறு. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் நாள்தோறும் ஆறு சுற்று சுற்ற வேண்டும். பல்லக்கில் போகிறவருக்குச் சுற்றளவைப் பற்றி என்ன கவலை இருந்திருக்கும்? குளம் வறண்டு கிடந்த காலத்திலாவது உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடும் பையன்களை வேடிக்கை பார்த்தபடி படியில் உட்கார்ந்துவிடலாம். இப்போது தண்ணீர் நிற்கிறது; உட்கார்ந்தால் படகுக்குக் காத்திருப்பவனைப் போல ஆகிவிடுகிறது.

ஐந்து மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஆறு மணிக்கு முன்பே உதித்துவிடும் சூரியன், நான் செருப்பை மாட்டும் ஆறரைக்கெல்லாம் கீழ்வானத்தில் எனக்காகவே காத்து நிற்கும். பழக்கமில்லாத உடம்பு வெயிலைத் தாங்கப் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்பது உண்மையான மருத்துவச் செய்தி. அதை நான் மனமாரக் கடைப்பிடித்தேன். முதல் நாள் ஒரு சுற்று, மறுநாள் ஒன்றேகால். இந்தக் கணக்கில் என் உடம்பு கத்திரிக்குப் பழகும் நாளும் கத்திரி முடியும் நாளும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. எழுபத்து நான்கு வயதில், ஐந்து மணிக்கெல்லாம் குளத்தை மூன்று சுற்று சுற்றி, மாரியம்மனைக் கும்பிட்டு, கீரைக்காரியிடம் சண்டையிட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் மாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பவர். பிரஷர் பார்க்கும் வாட்ச் என்று சொல்லி அவர் கையில் கட்டிவிட்டேன். அன்று மாலைக்குள் நான் பதினோராயிரம் அடி நடந்திருந்தேன். பெங்களூரிலிருந்து பாராட்டு வந்தது. தெரு முழுக்க அம்மாவும் மகன் வாங்கிக் கொடுத்த பிரஷர் வாட்சைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. நேற்று இரவு மகள் அழைத்தாள். “அப்பா, தினமும் ஐந்தரை மணிக்கு ஒரே மூலையில பன்னிரண்டு நிமிஷம் நிக்கிறீங்க. மூச்சு வாங்குதா? மறைக்காதீங்க” என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன், ஆனால் தூக்கம் வரவில்லை. மூச்சு வாங்குவது யாருக்கு என்பது எனக்கல்லவா தெரியும்? என் அடிகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், அந்த இருட்டில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ என்று புரண்டுகொண்டே கிடந்தேன்.

இன்று ஐந்து மணிக்கு, இந்தக் கோடையில் முதல்முறையாகச் சொன்ன நேரத்தில் எழுந்து, தண்ணீர் பாட்டிலுடன் அவர் பின்னால் போனேன். முதல் சுற்று முடிவதற்குள் எனக்கும் அவருக்கும் இடையே பாதித் தெரு விழுந்துவிட்டது. இரண்டாவது சுற்றில், வியர்வை கண்ணில் இறங்க, அந்த மூலையை எட்டிப் பிடித்தால், பருத்திப்பால் வண்டியின் ஓரத்தில் அம்மா நிற்கிறார். கையில் ததும்பத் ததும்ப ஒரு டம்ளர். மேலே தேங்காய்ப்பூ வேறு. சர்க்கரை நோய் என்று சொல்லி அவர் காப்பியில் நாங்கள் சீனியை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது.

என்னைக் கண்டதும் அவர் பார்வை முதலில் போனது தன் மணிக்கட்டுக்குத்தான்.

“ஏய்யா, இதையுமா இது காட்டிக்குடுக்கும்?”

ஆமாம் என்று சொல்வதானால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். நான் மூச்சு வாங்குவதையே பதிலாக வைத்துக்கொண்டேன். அவர் வண்டிக்காரரிடம் திரும்பி, “எம்மகனுக்கும் ஒண்ணு ஊத்துப்பா, சுக்கு கூடப் போடு, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு” என்றார்.

இரண்டு டம்ளர் ஆயிற்று. நின்றது இருபத்தைந்து நிமிடம். அதற்குள் மகள் இரண்டு முறை அழைத்துவிட்டாள். எடுத்துப் பேசு என்று அம்மா சொல்கிறார். வாட்ச் உன் கையில்தானே இருக்கிறது, நீயே பேசு என்று நான் சொல்கிறேன்.