முந்தானைக் கயிறு

ஜூன் 3, கண்டனூர்

தம்பி மகன் சென்னையிலிருந்து ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறான். பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கான சிறு கையேடு. கடைசியில் 212 சொற்களுக்கு விளக்கம். "தமிழில் வேண்டும் அத்தை, பதினைந்து நாளில்" என்கிறான். கடற்கரைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரில், ஊருணித் தண்ணீர் முழங்காலுக்குக்கூட வராத மாதத்தில், நான் கப்பல் சொற்களோடு உட்காரப் போகிறேன். அப்பச்சி இருந்திருந்தால் வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்திருப்பார்.

முதல் இரண்டு சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். போர்ட், ஸ்டார்போர்டு. இடது, வலது என்று எழுதிவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் படகில் ஒருவன் முன்னே பார்த்தும் இன்னொருவன் பின்னே பார்த்தும் உட்கார்ந்திருப்பார்கள். "வலப்பக்கம் சாய்!" என்று கத்தினால் யாருக்கு வலம் என்று கேட்டு முடிப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும். அதனால்தான் ஆளின் கையை விட்டுவிட்டுப் படகின் பக்கத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதா என்ன? சுவாமிக்கு வலப்பக்கம் பிள்ளையார் என்றால் சன்னதியில் நிற்கும் நமக்கு அவர் இடப்பக்கம். யாரும் குழம்பியதில்லை. "படகின் முகம் எந்தப் பக்கமோ அதை வைத்து வலம், இடம், சுவாமிக்குச் சொல்வது போல" என்று எழுதினேன். பிள்ளைகளுக்குப் புரியும்.

பெயர்க் காரணமும் சுவையானது. வட ஐரோப்பாவின் பழைய கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் கட்டப்பட்டிருந்தது. அதனால் அது திருப்பும் பக்கம், ஸ்டார்போர்டு. துடுப்பு நசுங்கக் கூடாது என்று மறுபக்கத்தையே துறையோடு அணைப்பார்கள், அது போர்ட். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக்கு லார்போர்டு என்று பெயர். இரண்டும் புயலில் ஒன்றுபோலக் காதில் விழவே 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டது.

ஜூன் 5

வேலை நகரவில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பெயர்; என் கையிலோ 'கயிறு' என்ற ஒரே சொல். பாயை ஏற்றும் கயிறு, பாயை இழுக்கும் கயிறு, பாய்மரத்தைத் தாங்கும் கயிறு என்று எழுதிக்கொண்டே போனால் மணல் கயிறு திரிப்பது போல இருக்கிறது.

மதியம் பெட்டகத்தைத் திறந்து அப்பச்சியின் காகிதங்களைத் துழாவினேன். 1956-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போனவர் அவர். 1926-இல் கட்டிய கப்பல். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு அதைப் பற்றி ஒரு கதை இருக்கும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தது, புளிச்சோறு மூன்றாம் நாள் கெட்டது, கப்பல் ஆடியபோது பக்கத்தில் படுத்திருந்தவர் திருநீற்றைக் கடலில் தூவியது எல்லாம் சொல்வார். கப்பலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பெரிதாக இருந்தது" என்பார். கடல் கடந்து கொண்டுவிற்ற கூட்டம் நாங்கள். இந்த வளவின் தூண்கள் பர்மாத் தேக்கு. வீட்டில் பாதி கப்பலில் வந்தது. ஆனால் கப்பல் சொல் ஒன்றுகூட இந்த வீட்டுக்குள் வந்து சேரவில்லை. நாங்கள் டிக்கெட் எடுத்தவர்கள், ஓட்டியவர்கள் வேறு.

ஓட்டியவர்களிடம்தான் போக வேண்டும்.

ஜூன் 8, தொண்டி

காலை ஆறரை பஸ். தேவகோட்டை, திருவாடானை, தொண்டி. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம் இருப்பதால் விசைப்படகுகள் ஓய்வில் கிடந்தன. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கை காட்டிய இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். சிறு வயதில் என்ஜின் இல்லாத வத்தைப் படகில் போனவர். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட, நானும் பாய் என்றேன். படகின் பாயைப் பற்றி இந்தப் பாயிடம் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. "படுக்கிற பாயும் ஒன்று இருக்கிறது ஆச்சி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். பின்னிய ஓலையையும் கோரையையும் பாயாகக் கட்டி ஓடிய காலம் ஒன்று உண்டு.

படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இரண்டையும் நான் அகராதியில் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. "அமரத்தில் உட்காருபவன் சொல்வதுதான் சட்டம்" என்றார்.

கயிறுகளைக் கேட்டதும் வாயால் சொல்லாமல் எழுந்துபோய் ஒரு மூங்கில் கழியைக் கொண்டுவந்தார். அதை மணலில் நட்டார், அது பாய்மரம். இன்னொரு குச்சியைச் சாய்வாக அதன் மேல் கட்டினார், அது பருமல். தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டை முக்கோணமாக மடித்து, மடித்த ஓரத்தைப் பருமலோடு வலை நூலால் நான்கு இடத்தில் முடிந்தார். பருமலை மேலே இழுத்த நூல் ஆஞ்சான். துண்டின் முன்பக்கத்துக் கீழ்முனையைக் கால் கட்டைவிரலால் மணலில் அழுத்திக்கொண்டார். "இது கோசு. இது அசையாது." பின்பக்கத்துக் கீழ்முனையில் ஒரு நூலைக் கட்டி அதை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டார். "இது தாமான்."

கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. தாமானை விட்டார், துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. சிறிது இழுத்தார், படபடப்பு ஓரத்துக்கு ஒதுங்கியது. இன்னும் அரை விரல் இழுத்ததும் துண்டு சத்தமில்லாமல் புடைத்து நின்றது, மூங்கில் கழி வளைந்தது. கையேட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்த விஷயம். அரை விரல் நூலில் முடிந்துவிட்டது.

"காற்று கூடினால்?"

"தாமானை விடு. முதலில் விடு, பிறகு யோசி."

எதிர்க்காற்றில் எப்படிப் போவீர்கள் என்றேன். நேரே போக முடியாது, காற்றுக்குக் குறுக்கே ஒருபக்கம் ஓடி, திரும்பி, மறுபக்கம் ஓட வேண்டும். ஏணிப்படி போல. ஒவ்வொரு திருப்பத்திலும் பருமலை மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தூக்கி மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள். "இப்போது பிள்ளைகள் இதைப் பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள் பாய்" என்றேன். நம்பவில்லை. எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு சிறிது நேரம் கடலைப் பார்த்தார்.

கிளம்பும்போது ஆழத்தை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு பாகம். இந்தப் பக்கத்துக் கடல் நாலு பாகம், ஐந்து பாகம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்கு அது முப்பது அடி.

ஜூன் 9

இரவு தூங்கவில்லை. இரண்டு சந்தோஷம்.

ஒன்று பாகம். ஆங்கிலத்தில் ஃபேதம் என்பது 6 அடி. அந்தச் சொல்லின் பழைய பொருள் விரித்த இரண்டு கைகள், அணைப்பு. தொண்டிப் பாய் காட்டியது அதே அளவை, அதே சைகையில். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலிலிருந்து மேலே இழுப்பவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கையை விரித்து விரித்துத்தான் அளப்பான்.

இன்னொன்று தாமான். கையேட்டில் என்னை அதிகம் படுத்திய சொல் ஷீட். முதல் வரைவில் அதை 'பாய்த்துணி' என்று எழுதி வைத்திருந்தேன்! அது துணி இல்லை, கயிறு. பாயின் கீழ்முனையில் கட்டி, காற்றுக்கு ஏற்ப இழுத்தும் விட்டும் பிடிக்கும் கயிறு. பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ்மூலைக்கு இருந்த பெயர் அதைப் பிடிக்கும் கயிற்றுக்கு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாமான் எங்கிருந்து வந்தது என்று தேடினால், பாரசீகத்தில் தாமன் என்பது உடையின் கீழ் ஓரம், முன்றானை. இந்துஸ்தானி பேசிய கப்பல்காரர்கள் வழியாக நம் கரைக்கு வந்திருக்கிறது. அங்கும் துணியின் முனை, இங்கும் துணியின் முனை, இரண்டும் கயிறாகிவிட்டன. புடவைக்காரிக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? காற்றில் முந்தானை பறக்கும்போது அதன் நுனியைப் பிடித்து இடுப்பில் செருகுகிறோமே, அந்தப் பிடிதான்.

விடிந்ததும் எழுதினேன்: தாமான் – பாயின் முந்தானையைப் பிடிக்கும் கயிறு.

ஜூன் 11

வேகத்துக்கு நாட். முடிச்சு என்று மொழிபெயர்த்திருந்தேன். "படகு 5 முடிச்சில் போகிறது" என்று படித்துத் தம்பி மகன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். உண்மையில் அது முடிச்சேதான். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றின் நுனியில் பலகையைக் கட்டிக் கடலில் போட்டு, 28 விநாடி மணல் கடிகாரம் ஓடி முடிவதற்குள் கை வழியே எத்தனை முடிச்சு நழுவுகிறது என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கைதான் மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேகம். கடல் மைல் 1,852 மீட்டர். இருந்தாலும் வானிலை அறிக்கையில் நாட் என்றே கேட்கப் போகிற பிள்ளைகள். நாட் என்றே விட்டுவிட்டேன். 'மணிக்கு 5 நாட்' என்று எழுதக் கூடாது என்பதை மட்டும் அடிக்கோடிட்டேன். மணி அதற்குள்ளேயே இருக்கிறது.

உண்மையான முடிச்சுகளில் போலைன் இருக்கிறது. கையேட்டில் முயல் வளை, மரம் என்று ஒரு கதை. கிணற்றுக் கயிற்றை எடுத்து வளவுத் தூணில் போட்டுப் பார்த்தேன். கயிற்றில் ஒரு சிறு வளையம், அது கிணறு. நுனி தவளை. தவளை கிணற்றிலிருந்து மேலே வந்து, நீளக் கயிற்றின் முதுகைச் சுற்றி, மறுபடி கிணற்றுக்குள்ளேயே குதிக்கிறது. இழுத்தேன். நழுவவில்லை, இறுகி மாட்டிக்கொள்ளவும் இல்லை. பெருவிரலால் தள்ளினால் அவிழ்கிறது. பதினோரு தடவை போட்டேன். வேலைக்கு வரும் பெண், "ஆச்சிக்கு மாடு வாங்கும் எண்ணமா?" என்று கேட்டாள்.

ஜூன் 13

சண்டை. கையேட்டைப் பார்க்க வேண்டியவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர், சுக்கான், நங்கூரம், மாலுமி மூன்றும் தமிழ் இல்லை, மாற்றுங்கள் என்று எழுதியிருக்கிறார். சுக்கானுக்குத் 'திசைமாற்றுக் கருவி', நங்கூரத்துக்கு 'நிலைநிறுத்தி'. அவர் சொல்வது சரிதான். சுக்கானும் மாலுமியும் அரபு, நங்கூரம் பாரசீகம். கப்பலில் வந்தவை. எந்தத் துறைமுகத்தில்தான் வெளியூர்க்காரன் இல்லை? தாமானைப் பார்த்தால் அவருக்கு மயக்கமே வந்துவிடும். "திசைமாற்றுக் கருவியை இடப்பக்கம் தள்ளு" என்று சொல்லி முடிக்கும்போது பாறை வந்திருக்கும். மூன்றும் இருந்தபடியே இருக்கும் என்று பதில் எழுதிவிட்டேன். மாலுமிக்குப் பழைய தமிழ்ச் சொல்லான மீகாமனை மட்டும் அவருக்காகச் சேர்த்தேன்; எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும்.

அவரை வாயடைக்க வைத்தது கட்டுமரம். ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு கேட்டமரான் ஆக்கிய சொல். இப்போது அது குறிப்பது இரண்டு உடல் கொண்ட, நடுவில் தளம் போட்ட படகை. நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது, மரத்தோடு மரம் சேர்த்துக் கட்டியது, தண்ணீர் மேலேயே ஏறிப் போய்விடும். கையேட்டில் கேட்டமரானைக் கட்டுமரம் என்று எழுதினால் பிள்ளை தவறான படகை நினைத்துக்கொள்ளும். நம் பிள்ளைதான், ஆனால் வேறு வீட்டில் வளர்ந்து வந்திருக்கிறது. கேட்டமரான் என்றே எழுதி, கட்டுமரத்துக்குத் தனி வரி கொடுத்தேன்.

பூம் என்ற சொல்லுக்குத் தொண்டியில் பெயர் இல்லை, ஏனென்றால் அந்தப் பாய்க்கு அடியில் மரமே இல்லை. இந்தப் பயிற்சிப் படகில் பாயின் அடியோரத்தில் கிடைமட்டமாக ஒரு தண்டு. படகு திரும்பும்போது தலை உயரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசும். 'அடித்தண்டு' என்று எழுதி அடித்துவிட்டேன். "பூம்!" என்று கத்தினால் தலை தானாகக் குனியும்.

ஜூன் 16

நேற்று தடைக்காலம் முடிந்தது. பாயின் பேரன் போன் செய்து அவரிடம் கொடுத்தான்; பின்னால் என்ஜின்களின் இரைச்சல். தாமானா, தாமனா, எது சரி என்று கேட்டேன். "எழுத்து உங்கள் பாடு ஆச்சி. நான் அதைப் பிடித்திருக்கிறேன், எழுதியதில்லை" என்றார். காற்றின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோளகம். எங்கிருந்து வருகிறதோ அதன் பெயர்; கையேட்டிலும் அதே வழக்கம்தான்.

வழி விடும் விதியில் ஒரு பிழை கண்டுபிடித்தேன், என் பிழைதான். இரண்டு பாய்ப்படகு எதிரும் புதிருமாக வந்தால், இடப்பக்கத்தில் காற்று வாங்கும் படகு விலக வேண்டும். பாய் இருக்கும் பக்கத்தை வைத்து எழுதியிருந்தேன். பாய் எப்போதும் காற்றுக்கு மறுபக்கம் அல்லவா இருக்கும்? தலைகீழாகிவிட்டது. துண்டை மடித்து மேசையில் வைத்துப் பார்த்துத் திருத்தினேன்.

மீதி 31 சொற்கள். நாளைக்கு விளக்குகள்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, அமரத்தில் வெள்ளை.