உத்தேசக் கணக்கைச் சரியாகக் கற்றுக்கொடுங்கள்

19.8 × 4.1 என்று கணக்கு வந்தால், பேனாவை எடுக்கும் முன்பே 20 × 4 = 80 என்று பிள்ளை சொல்ல வேண்டும். அப்போதுதான் விடை 811.8 என்று வந்தால் புள்ளி இடம் மாறியது தெரியும். சரியான விடை 81.18.

பெருக்கலில் இரண்டு எண்ணையும் மேலே ஏற்றுவதுதான் பலர் செய்யும் தப்பு. 48 × 37-ஐ 50 × 40 ஆக்கினால் 2000. உண்மை விடை 1776. இரண்டு ஏற்றமும் ஒன்றையொன்று பெருக்கிவிடுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: 50 × 37 = 1850. அதில் 2 × 37, அதாவது 74-ஐக் கழித்தால் துல்லியமான விடையே கிடைத்துவிடும்!

படிப்படியாகத் தோராயமாக்கவும் கூடாது. 3.448-ஐ ஒரு தசம இடத்துக்கு மாற்றினால் 3.4. முதலில் 3.45, பிறகு 3.5 என்று போனால் தவறு.

5-க்குக் கீழே என்றால் விடு, 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஏற்று என்ற பாடப்புத்தக விதி எல்லா இடத்திலும் செல்லாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 50 பேர் உட்காரும் பேருந்தில் 112 மாணவர்கள் போக 2.24 வரும், வேண்டியது 3 பேருந்து. சட்டைக்கு 2.25 மீட்டர் என்றால், 13 மீட்டர் துணியில் 5.78 வரும், தைக்க முடிவது 5.

தோராயமாக்காமல் தசமத்தை வெட்டிவிடுவது இன்னும் ஆபத்து. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-ல் பங்கு விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு குறியீட்டை 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு கணக்கிலும் மூன்று தசமத்துக்குப் பிந்தையதை வெட்டியதால், 1983 நவம்பரில் அது சுமார் 525-க்கு இறங்கியிருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது வந்தது 1098-க்கும் மேல்.