ட்வீட்டரைத் தூக்கிப் போடும் முன்

"ஒரு பக்கம் ட்ரபிள் (கீச்சென்ற மேல் ஒலி) வரலை." ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஓடுகிற கார்களின் பாட்டுச் செட்டைப் பற்றி அடைமழை ஓய்ந்ததும் கிளம்பும் புகார் இது. உடனே மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரை, அதாவது ட்வீட்டரை மாற்றுவார்கள், புதுசும் ஊமையாகவே இருக்கும். பல நேரம் கெட்டது ட்வீட்டரே இல்லை, அதற்கு முன்னால் உட்கார்ந்து, மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். செட்டை அணைத்துவிட்டு, இடது ட்வீட்டரை வலது கிராஸ்ஓவரில் மாட்டுங்கள். பாடினால் ட்வீட்டர் நல்லது. மல்டிமீட்டரில் 4 ஓம் ட்வீட்டர் 3 முதல் 4 ஓமுக்குள் காட்டும். ஆனால் கண்டென்சரைச் சேர்த்து அளந்தால் மீட்டர் ஒன்றுமே காட்டாது, மீட்டர் அனுப்பும் டிசியைக் கண்டென்சர் விடாது அல்லவா. அதைப் பார்த்துவிட்டு "காயில் போச்சு" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் நிறைய.

ட்வீட்டர் ஒயரில் சுண்டுவிரல் நுனி அளவில் தொங்கும் கண்டென்சர்தான் எளிய கிராஸ்ஓவர். 4 ஓமில் 4.7 மைக்ரோஃபாரட் என்றால், சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தத்தைச் சரித்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் எலக்ட்ரோலைடிக் கண்டென்சர் வருடக்கணக்கில் வெந்து உலர்ந்து 3 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் அந்த எல்லை 13,000-ஐத் தாண்டும். ட்வீட்டர் செத்திருக்காது, முனகும். மாற்றும்போது 100 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் போடுங்கள். பிளஸ், மைனஸ் குறி உள்ளதைப் போடவே கூடாது, இங்கே ஓடுவது ஏசி. சத்தம் கூடட்டும் என்று 10 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லை 4,000-க்கு இறங்கி, சின்ன ட்வீட்டரின் காயில் கருகும்.

தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்த வண்டியில் கதை வேறு. டோர் ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் (கீழ் ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ், டிக்கியில் உள்ள சப்-வூஃபருக்கு லோ-பாஸ் (மேல் ஒலியை வெட்டுவது) 80, இரண்டுக்கும் 12 டெசிபல் சரிவு. இதிலிருந்து ஆரம்பியுங்கள். ஆறரை இன்ச் ஸ்பீக்கரை ஏன் 80-இல் வெட்ட வேண்டும்? அதே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு முன்பின் ஆட வேண்டும். 80-இல் நிதானமாக ஆடும் ஸ்பீக்கர் 40-இல் காகிதம் கிழியப் பார்க்கும்.

ஹெட் யூனிட்டிலும் (டேஷ்போர்டில் உள்ள செட்) 80, ஆம்பிலும் 80 என்று இரண்டு இடத்தில் வெட்டுவதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தப்பு. சரிவு இரட்டிப்பாகி, 80-இலேயே 3 டெசிபலுக்குப் பதில் 6 டெசிபல் இறங்கி, நடுவில் பள்ளம் விழலாம். ஒன்றை 'ஃபுல்'லில் விடுங்கள். சரிபார்க்கத் தவில் போதும். தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) அடி டிக்கியிலிருந்தும் வலந்தலை (கூர்மையான ஒலி தரும் பக்கம்) கதவிலிருந்தும் தனித்தனியாகக் கேட்டால் வெட்டு சரியில்லை. சப்-வூஃபரின் ஆட்டத்தைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சைத் திருப்பிப் பார்த்து, எதில் தொப்பி கனமாக ஒலிக்கிறதோ அதில் விடுங்கள்.

இனி உப்பு. தனுஷ்கோடி ரோட்டில் இரண்டு பக்கமும் கடல். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். திருகி டேப் சுற்றிய இணைப்புக்குள் காற்று புகுந்து, செம்பில் களிம்பு ஏறி, டேப்பைப் பிரித்தால் ஒயர் பச்சைப் பொடியாக உதிரும். ஈயம் பூசிய செம்பு ஒயர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், இரண்டுக்கும் கஞ்சத்தனம் வேண்டாம். அடைக்கப் போடும் சிலிக்கானை மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது ஆறும்போது விடும் அமிலமே செம்பை அரிக்கும், நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

கிராஸ்ஓவர் பெட்டியைக் கதவுக்குள் வைக்காதீர்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் அங்கேதான் ஓடும். டேஷ்போர்டுக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ, தகரத்தை ஒட்டாமல், ஒரு பிளாஸ்டிக் துண்டின் மேல் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் காயிலின் நடுவே இரும்பு ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் காயிலின் அளவே மாறி, வெட்டும் இடம் நகர்ந்துவிடும், பித்தளை ஸ்க்ரூவோ பிளாஸ்டிக் டையோ போதும். ஐப்பசிக்கு முன்னால் கதவின் அடி ஓட்டைகளில் அடைத்திருக்கும் மணலை ஒரு ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.