மழைப் புத்தகத்தில் இரண்டு வரி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் மழைக் கணக்கு எழுதுபவன் நான். வறட்சியில் மழைக்குச் செபித்து, மழையும் பெய்த பிறகு, கோயிலில் செபம் நடத்தும் உபதேசியாருக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் முதல் நான்கு வரியைப் பற்றி எவருக்கும் பேச்சில்லை. இன்ன தேதி, தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் 31 மில்லிமீற்றர், கீழ்ப் பிரிவான பணியக்கணக்கில் மழை இல்லை. தோட்டத்து மழைப் புத்தகத்தில் உள்ளது உள்ளபடி. அவர் கேட்டதும் அவ்வளவுதான், அந்தோனியார் திருநாளில் வாசிக்க. அதற்குக் கீழே நானாகச் சேர்த்த இரண்டு வரிதான் இன்றுவரை என்னை விடாமல் இருக்கிறது.

“மார்ச், ஏப்ரல் மாதங்களில் எமது மலைப்பகுதியில் பின்னேரங்களில் இவ்வாறான இடிமழை பெய்வது வழமை. ஒரு மலையில் பெய்து அடுத்த மலையில் பெய்யாமல் விடுவதும் வழமை.”

அந்த வறட்சியை ஹட்டன் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொழுந்து இல்லை, வேலை நாள் குறைந்தது, மலைக்குப் போனவர்களுக்கும் பறிக்க வேண்டிய நிறை வராமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நவநாள் என்ற ஒன்பது நாள் செபம் வைத்து, கடைசி நாள் அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மேற்கணக்கு லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, சுற்றி வந்தார்கள். நானும் போனேன். நானும் கத்தோலிக்கன்தான், செபமாலை சொல்லிக்கொண்டுதான் நடந்தேன். அன்று பின்னேரமே இடித்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் மழைமானியைத் திறந்தது நன்றாக நினைவிருக்கிறது. வாரக்கணக்காக அதன் புனலில் சிலந்தி நூல் கட்டிக் கிடந்தது. அன்று போத்தலை வெளியே எடுத்தபோது கையில் கனம். செத்த எறும்புகளும் ஒரு சருகுத் துணுக்கும் மிதந்த கலங்கல் தண்ணீர். ஒரு சொட்டும் சிந்தாமல் அளவுக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. அந்தோனியாருக்கு நன்றி என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்படிச் சொன்னவன் ஏன் அந்த இரண்டு வரியை எழுதினேன்?

ஏனென்றால் அது உண்மை. சூரியன் தலைக்கு நேராக வருகிற மாதங்கள் அவை. காலை வெயில் மலைச்சரிவைச் சுடவைக்கும். கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து மத்தியானத்துக்குள் மேகமாகிவிடும். தென்மேல் பருவக்காற்று மழைபோல அது ஊர் முழுக்கப் பரவாது, மேகம் திரண்ட இடத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். இன்னொன்றும் உண்டு. நாங்கள் ஜனவரியில் மழைக்கு நவநாள் வைப்பதில்லை. இனித் தாங்காது என்று ஆன பிறகுதான் வைக்கிறோம். இனித் தாங்காது என்கிற காலமும் வறட்சி முடிகிற காலமும் எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே செபத்தின் பின்னால் மழை வருவது அடிக்கடி நடக்கும். பழைய பக்கங்களைப் புரட்டினால் எவருக்கும் தெரியும். இதைத் தெரிந்துகொண்டே மறைத்து, தோட்டத்து முத்திரையைக் குத்திக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உபதேசியார் கடிதத்தை நிதானமாக வாசித்தார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

“ஐயா, இந்த ரெண்டு வரி யாருக்குங்க?”

“நாளைக்கு யாராச்சும் கேட்டா, ஆபீஸ்ல முழுசா எழுதிக் குடுக்கலன்னு ஆயிடக் கூடாதுல்ல.”

“யாரும் கேக்கலீங்களே. நன்றி சொல்லத்தான் கேட்டேன், வழக்குப் பேச இல்லீங்க.”

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவை பிறகு வரிசையாக மனதில் வந்தன. கார்மேல் மலையில் எலியா மழைக்காகக் காத்திருந்தபோது, ஏழாம் முறை போய்ப் பார்த்த ஊழியன் கண்டது கடலிலிருந்து எழும்பிய கையளவு மேகம். கடலும் மேகமும் காற்றும் விவிலியத்திலேயே இருக்கின்றன. செங்கடல் பிளந்த இடத்திலும், இரா முழுக்க வீசிய பலத்த கீழ்க்காற்றால் கடல் ஒதுங்கியது என்றுதான் விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரம் சொல்கிறது. கார்ல் ட்ரூஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2010இல் அதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார். நைல் கழிமுகத்தின் கிழக்கில் மணிக்கு 100 கிலோமீற்றர் அளவில் பன்னிரண்டு மணிநேரம் காற்றடித்தால், ஆழமில்லாத நீர் ஒதுங்கி நிலம் தெரியும் என்று கண்டார். காற்று என்று தெரிந்ததால் அந்தக் கதை எனக்குச் சிறுத்துப்போகவில்லை.

இயற்கைக் காரணம் என்று சொல்லிவிட்டாலே அது சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. இயேசு மரித்த வேளையில் வந்த இருளைச் சூரிய கிரகணம் என்பவர்கள் உண்டு. இயேசு மரித்தது யூதரின் பாஸ்கா விழாக் காலத்தில். பாஸ்கா வருவது பௌர்ணமியை ஒட்டி, சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டும். அந்த விளக்கம் நிற்காது. நிற்காததை நிற்காது என்று சொல்ல எவ்வளவு கடமையோ, நிற்பதை நிற்கிறது என்று சொல்லவும் அவ்வளவு கடமை.

ஆனால் இலங்கையில் மறைபணி செய்த யோசேப் வாஸ் முனிவரிடம் வரும்போது என் பேச்சு தடுமாறுகிறது. 1690களில், இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் காலத்தில், கண்டியில் கடும் வறட்சி. அவர் பீடம் அமைத்துச் செபித்தார், மழை கொட்டியது, அவரும் பீடமும் நனையவில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுத குடும்பம் எங்களுடையது. கண்டியிலும் மழை துண்டு துண்டாகப் பெய்யும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அங்கே அந்த இரண்டு வரியை எழுத எனக்குக் கை வருமா? வராது என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் உபதேசியாருக்கு மட்டும் ஏன் எழுதினேன்? மரியாதைப்பட்ட சாட்சிகளுக்கு ஒரு கணக்கு, தோட்டத்து ஆட்களுக்கு ஒரு கணக்கா?

இல்லை, அப்படியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதுவும் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலத்து மழைதான். மேற்கணக்கில் பெய்த மழைக்கு வானத்தில் கையொப்பம் தேடினால், அந்த மழைக்கும் தேட வேண்டிவரும். என்னால் முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள், சனங்கள் அங்கேயே விடப்பட்டிருந்தார்கள். கடவுள் சித்தம் என்று அதை மூடிவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

திருநாளுக்கு உபதேசியார் கடிதத்தை வாசித்தார். இரண்டு வரியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன், விடவில்லை. “வழமை” என்ற இடத்தில் நிறுத்தி, “வருசா வருசம் மறக்காம குடுக்கிறாருன்னு ஆபீஸ் புத்தகமே சொல்லுது” என்றார். சனங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நான் எழுதியதும் அவர் சொன்னதும் ஒன்றா, வேறா என்று கோயிலுக்குள் நின்றபடி எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கடுத்த நாட்களில் பணியக்கணக்கிலிருந்து ஓர் அம்மா சம்பளத் துண்டில் ஏதோ கேட்க ஆபீசுக்கு வந்தார். அதை முடித்துவிட்டும் போகாமல் நின்றார். “எங்க கணக்குல யாருங்க ஐயா பாவம் செஞ்சது? எங்களுக்கு மட்டும் ஏன் பெய்யல?” மேகம் எந்தச் சரிவில் ஏறியது, ஏன் இந்தப் பக்கம் இறங்கவில்லை என்று ஜன்னல் வழியாக மலையைக் காட்டிச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இந்த இரண்டு வரி யாருக்கு என்றால் இவருக்குத்தான் என்று அப்போது தோன்றியது. ஆனால் எழுதும்போது இவரை நான் நினைக்கவில்லை. அந்தக் காரணம் பின்னால் வந்து சேர்ந்தது.

இந்த வருடம் பெப்ரவரியில் உபதேசியார் மறுபடி வந்தார். நவநாளை எப்போது வைக்கலாம், புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. பழைய பக்கங்களைப் பார்த்து, மார்ச் பிற்பகுதி என்றேன். அதோடு, இந்த முறை சுரூபத்தைப் பணியக்கணக்குப் பக்கமும் கொண்டுபோகச் சொன்னேன். அந்த அம்மா கேட்டதையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“அங்க கொண்டுபோயும் பெய்யலன்னா அந்தப் புள்ளைக்கு என்னாங்க ஐயா சொல்றது?”

மலையைக் காட்டிச் சொன்ன அதே விளக்கம் அன்றைக்குப் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. கொண்டுபோவோம் என்று மட்டும் சொன்னேன்.