விபிசி: பியர் லிங்க்குக்கு முன்னால் கீப்அலைவ்

இரண்டு நெக்ஸஸ் 9300 சுவிட்ச், ஒரு லினக்ஸ் சர்வர். சர்வரிலிருந்து சுவிட்சுக்கு ஒன்றாக இரண்டு 10 ஜி கேபிள். சர்வர் கண்ணுக்கு இரண்டும் ஒரே போர்ட் சேனல், அதாவது பல கேபிளை ஒன்றாகக் கட்டிய ஒரே இணைப்பு. சிஸ்கோவில் இதற்குப் பெயர் விபிசி (விர்ச்சுவல் போர்ட் சேனல்). கட்டளைகள் கொஞ்சம்தான், வரிசை தவறினால்தான் தொல்லை.

எல்ஏசிபி (கேபிள்களை ஒன்றாகக் கட்ட இரு முனையும் பேசிக்கொள்ளும் நெறிமுறை), விபிசி ஃபீச்சர்களை இயக்கிவிட்டு, இரண்டிலும் ஒரே டொமைன் எண் கொடுங்கள். இரண்டுக்கும் பொதுவான சிஸ்டம் மேக் முகவரி அந்த எண்ணிலிருந்துதான் உருவாகிறது. எல்ஏசிபி பாக்கெட்டில் அதுவே போவதால் சர்வர் இரண்டையும் ஒரே சுவிட்சாக எடுத்துக்கொள்கிறது. ஒரு விபிசி ஜோடியை இன்னொரு ஜோடியோடு இணைத்தால் டொமைன் எண்கள் வேறுவேறாக இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து பியர் கீப்அலைவ்: ஜோடி சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் துடிப்பு. நொடிக்கு ஒரு சின்ன யுடிபி பாக்கெட், போர்ட் 3200. மேனேஜ்மென்ட் போர்ட்டிலிருந்து தனி சுவிட்ச் வழியாக விடுங்கள். இதை பியர் லிங்க் (இரண்டு சுவிட்சையும் ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள்கள்) மேலேயே ஓட்டவே கூடாது. ஜோடியில் ஒரு சுவிட்ச் பிரைமரி, மற்றது செகண்டரி. பியர் லிங்க் அறுந்ததும் செகண்டரி முதலில் பார்ப்பது கீப்அலைவ் வருகிறதா என்பதைத்தான். வந்தால் தன் விபிசி போர்ட்டுகளைத் தானே நிறுத்திவிடும். டிராஃபிக் பிரைமரி வழியாக ஓடும். வராவிட்டால் இரண்டுமே தன்னை பிரைமரி என்று நினைத்துக்கொள்ளும். நெட்வொர்க் முழுக்கக் குழம்புவது அப்போதுதான்.

பியர் லிங்க்குக்குக் குறைந்தது இரண்டு போர்ட், டிரங்க் மோட் (பல விலேன், அதாவது மெய்நிகர் நெட்வொர்க், ஒரே இணைப்பில் போகும் முறை). விபிசியில் போகும் விலேன் எல்லாம் அதிலும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

சர்வர் பக்கப் போர்ட்டுகளில் சேனல் குரூப் மோட் 'ஆக்டிவ்'. 'ஆன்' வேண்டாம்; கேபிள் மாறிப் போனாலும் அது கண்டுகொள்ளாது. விபிசி எண் இரண்டு சுவிட்சிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு), நேட்டிவ் விலேன், வேகம் ஆகியவற்றில் எது வேறுபட்டாலும் டைப் 1 முரண்பாடு. செகண்டரி பக்கப் போர்ட் சஸ்பெண்ட் ஆகும். 'ஷோ விபிசி கன்சிஸ்டன்சி பாராமீட்டர்ஸ்' இரு பக்க மதிப்பையும் அருகருகே காட்டும்.

லினக்ஸில் பாண்டிங் (நெட்வொர்க் கார்டுகளை ஒன்றாகக் கட்டும் வசதி) மோட் 4, அதாவது எல்ஏசிபி. பாண்டின் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்பில் இரண்டு கார்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறுவேறாக இருந்தால் லிங்க் விளக்கு எரிந்தாலும் டிராஃபிக் ஒரு கேபிளில்தான் போகிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரே டிசிபி இணைப்புக்கு 20 ஜி கிடைக்காது. ஹாஷ் கணக்கு ஒரு ஃப்ளோவை ஒரே கேபிளில்தான் அனுப்பும்.

ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை முறையில் (ஒரு கார்டு ஓட, மற்றது காத்திருக்கும்) மாட்டிய சர்வர்கள் ஆர்ஃபன் போர்ட்டில், அதாவது விபிசியில் சேராத போர்ட்டில், இருப்பவை. அங்கே ஆர்ஃபன் போர்ட் சஸ்பெண்ட் போடாவிட்டால், பியர் லிங்க் விழுந்தாலும் செகண்டரி பக்க லிங்க் உயிரோடு தெரியும். சர்வர் மறு கார்டுக்கு மாறாமல் தனித்து நிற்கும்.

பிங் ஓடவிட்டுச் சோதியுங்கள். முதலில் சர்வர் கேபிள் ஒன்று, பிறகு பியர் லிங்க். திரும்ப மாட்டியதும் செகண்டரி போர்ட்டுகள் உடனே வராது. டிலே ரிஸ்டோர் இயல்பாக 30 நொடி. ரவுட்டிங் டேபிள் பெரிதென்றால் அதைக் கூட்டி வையுங்கள்.