தோப்புப் பத்திரம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தபோது, ஆனைமலையிலிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் நாலு ஏக்கர் தென்னந்தோப்பின் மூலப்பத்திரம், சிட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று. மகன் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு 32 லட்சம் வேண்டுமாம்.

"எரநூத்தி அம்பது மரமுங்க. பாதி நானே வெச்சதுங்க" என்றார். நான் கேட்கவே இல்லை.

வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீடு எல்லாம் வந்தது. பத்திரத்தை வாங்கி உள்ளே வைத்தோம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தில் கையெழுத்து வாங்கி முதல் தவணைக் கட்டணத்தை டாலராக்கி அனுப்பினேன். வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். முதலில் இங்கிருந்து போவதை அனுப்பிவைத்த ஆள் நான். 2023-24ல் படிப்புக்காக இந்தியாவிலிருந்து வெளியே போனது 300 கோடி டாலருக்கு மேல். அதே ஆண்டில் உள்ளே வந்தது சுமார் 11,800 கோடி டாலர், அதில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு. கணக்கு நமக்குச் சாதகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையனின் நாலு வருடப் படிப்பு? 1945ல் தொடங்கிய அரசுக் கல்லூரி அது. செலவில் பெரும்பங்கு ஊர் வரிப்பணம். அது எந்த வவுச்சரிலும் வராது. 1970களில் பொருளாதார நிபுணர் ஜகதீஷ் பகவதி, இப்படிப் போகிறவர்களின் வருமானத்தில் சிறு வரி வாங்கிச் சொந்த நாட்டுக்குக் கொடுக்கலாம் என்றார். நடக்கவில்லை. யார் வசூலிப்பது?

வந்த பணத்தின் நன்மையையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2013 ஆகஸ்ட்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் போன் ஓயவில்லை. 'இன்னும் ஏறுமாங்க, இன்னிக்கே அனுப்பட்டுமா?' ரூபாய் விழ விழ வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் கூடுதலாக அனுப்புவார்கள். அப்புறம் ரிசர்வ் வங்கி ஒரு சலுகைத் திட்டம் கொண்டுவந்ததில், வெளிநாட்டு இந்தியர்களின் டாலர் டெபாசிட்டாக மட்டும் 2,600 கோடி டாலர் அளவுக்குச் சேர்ந்தது. நாட்டின் மூச்சுத் திணறலை அது தணித்தது.

எங்கள் ஊரில் அந்தப் பணம் என்ன செய்தது என்றால், சைட் வாங்கியது. வெளிநாட்டு இந்தியர்களுக்கான என்ஆர்ஈ கணக்கில் வந்து ஒரு வருடம் எஃப்டியில் உட்காரும், அப்புறம் கிரயத்துக்குப் போகும். கோவை ரோட்டில் சென்ட் விலை ஏறியது. தோப்பு வருமானத்தை நம்பி யாரும் தோப்பு வாங்க முடியாமல் போனது. தறி வாங்க, லேத் வாங்க என்று அந்தப் பணம் போனதை விரல்விட்டு எண்ணலாம். டெபாசிட் இலக்கை எட்டியதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவை கணபதியில் பவுண்டரி வைத்திருக்கும் நண்பர் ஒருமுறை, "ஓட்டறதுக்கு பீகார்ல இருந்து ஆள் வந்துருதுங்க. பம்ப்பை வரையறவன் போனா எங்கிருந்து வருவான்?" என்றார். மூன்று வருடம் பழக்கிய பையன் ஜெர்மனி போய்விட்டானாம். அவன் போனதும் புது மாடல் ஒன்றை அப்படியே கைவிட்டார். அந்த மாடலுக்கு அவர் கேட்டிருந்த கடன் விண்ணப்பமும் என் மேசையிலிருந்து திரும்பிப் போனது.

அதற்கு முன் திருப்பூரில் இருந்தேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒடிசாப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள், ஊருக்குப் பணம் போட. சலான் எழுதித் தரச்சொல்லி ஒருவன் வாராவாரம் என்னிடம் வருவான். ஐடிஐ ஃபிட்டர், பனியன் கம்பெனியில் மெஷின் மெக்கானிக். 'வீடு கட்றேன் சார், மேல் மாடி' என்பான். அவனைப் படிக்கவைத்த செலவு அவன் ஊருடையது, உழைப்பு நமக்கு. திருப்பூர்தான் அவனுக்கு அமெரிக்கா. அவன் ஊரிலும் ஒரு வங்கிக்காரன் டெபாசிட் இலக்கை எட்டியிருப்பான். நம் பிள்ளைகள் போகிறார்கள் என்று புலம்பும் நாம் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

ஆனைமலைப் பையன் வேலை கிடைத்து மூன்றே வருடத்தில் கடனை அடைத்துவிட்டான். பத்திரத்தை வாங்க அப்பா வந்தார், அதே மஞ்சப்பை. பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். மரமெல்லாம் எப்படி என்று கேட்டேன். "வெள்ளை ஈ புடிச்சு ஓலையெல்லாம் கருத்துப் போச்சுங்க. ஏறறதுக்கும் ஆளில்லீங்க. வித்துப்போட்டு வாங்கப்பாங்கறான் பையன்."

பையைச் சுருட்டினார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஏனுங்க சார், லாக்கர் ஒண்ணு காலியிருக்குங்களா? ஊட்ல நாங்க ரெண்டு கெழடுதானுங்க இருக்கறோம். இதை இங்கயே வெச்சுட்டுப் போயர்றேன்."

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். நாமினி என்ற இடத்தில் மகன் பெயரை எழுதிவிட்டு, முகவரிக்கு என்ன போடுவது என்று கேட்டார்.