காரல் குவியலுக்கு முன்னால் எந்த ஃபிளாஷ் முறை?

விடியும் முன் பாம்பன் கரையில் வத்தைகள் வந்து சேரும்போது கொட்டப்படும் காரல் மீன்களைப் படமெடுப்பதற்காகவே நான் முதன்முதலாகக் கேமராவின் மேல் தனி ஃபிளாஷ் ஒன்றைப் பொருத்தினேன். தானியங்கி முறையில், அதாவது டிடிஎல் முறையில் எடுத்த முதல் படத்தில், மீன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் இருண்டிருந்தது. வெள்ளியாய் மின்ன வேண்டிய காரலும் சாம்பலாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் கழித்து, கறுத்த படகின் அருகே நின்றவரை எடுத்தபோது அவர் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது.

இது ஃபிளாஷின் பழுது அன்று. டிடிஎல் முறையில், படம் பதிவாவதற்குச் சற்று முன் மெல்லிய ஒளி ஒன்று வீசப்படுகிறது; அது பட்டுத் திரும்பி லென்ஸ் வழியே வருவதை அளந்து, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில் கேமரா ஒளியின் அளவை முடிவு செய்கிறது. படச்சட்டம் முழுதும் மீன் பளபளத்தால் ஒளியைக் குறைத்துவிடும். கறுப்புப் படகு நிறைந்திருந்தால் கூட்டிவிடும். படத்துக்குப் படம் அளவு மாறுவதால், எதனால் எது நேர்ந்தது என்பது புதிதாகக் கற்பவருக்குப் புலப்படுவதே இல்லை. ஆகவே மேனுவல் முறையில் தொடங்குங்கள் என்றே சொல்வேன்.

மேனுவலில் முழு ஒளி, அதில் பாதி, கால் என்று பல ஃபிளாஷ்களில் 1/128 வரை நாமே குறைக்கலாம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-இல் வழிகாட்டி எண் (ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் எண்) 40 மீட்டர் உள்ள ஃபிளாஷ் என்றால், 40-ஐத் தூரத்தால் வகுத்தால் முழு ஒளிக்கான அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பின் அளவு, கிடைக்கும்: 5 மீட்டருக்கு எஃப் 8. (ஃபிளாஷின் ஜூமை, அதாவது ஒளி விரியும் கோணத்தை, மாற்றினால் வழிகாட்டி எண்ணும் மாறும்.) தூரம் பாதியானால் கால் பங்கு ஒளி போதும், எனவே இரண்டரை மீட்டரில் 1/4.

அந்த 1/4 ஒளியில் எடுத்தபோதுதான் அக்கா, "கண்ணு கூசுது தம்பி, கொஞ்சம் தள்ளிப் பிடி" என்றார். தள்ளிப் போனால் ஒளியைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால், நின்ற இடத்திலேயே ஐஎஸ்ஓவை 400 ஆக்கி, அப்பர்ச்சரை எஃப் 4-க்குத் திறந்தேன். ஒளியின் தேவை பதினாறில் ஒன்றாகி, 1/64 போதுமானதாயிற்று. முகத்தைச் சுளிக்காமல் அவர் வேலையைத் தொடர்ந்தார். ஃபிளாஷும் அடுத்த படத்துக்கு உடனே தயாரானது.

தனுஷ்கோடியில் சூரிய உதயத்தின்போது மேனுவலின் அருமை இன்னும் தெளிவாகப் புரியும். ஃபிளாஷின் வீச்சு மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால் ஷட்டர் வேகம் அதைப் பாதிப்பதில்லை. ஃபிளாஷோடு இணைந்து இயங்க ஷட்டருக்குள்ள உச்ச வேகமான ஒத்திசைவு வேகத்தை, பெரும்பாலும் 1/200 நொடியை ஒட்டியதை, தாண்டாமல் இருந்தால் போதும். வலை இழுப்பவரின் முகத்துக்கு ஒருமுறை ஒளியை அமைத்துவிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் வெளுக்கும் கீழ்வானத்துக்கேற்ப ஷட்டரை மட்டும் 1/30, 1/60, 1/125 என்று உயர்த்திக்கொண்டே போகலாம்.

மீன் ஏலத்தில் மட்டும் நான் இன்றும் டிடிஎல்லுக்கே மாறுகிறேன். ஆட்கள் முன்னும் பின்னும் நகரும் நெரிசலில் தூரத்தைக் கணக்கிட நேரமிருக்காது. ஆனால் படச்சட்டத்தில் காரல் குவியல் நிறைந்தால், டிடிஎல் கணித்த ஒளியை நாமே கூட்டிக் குறைக்க உதவும் ஃபிளாஷ் ஈடுகட்டலை ஒரு படி கூட்டுவேன். கறுத்த படகின் பக்கம் திரும்பினால் ஒரு படி குறைப்பேன்.